லைஃப் இன் த யூகே தேர்வு: ஆண்டுகள் மனத்தில் நிற்கவில்லை, வரலாற்றை எப்படிப் படிப்பது?

வெம்பிளி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனில் நிரந்தர வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் கேட்கும் லைஃப் இன் த யூகே தேர்வில் நான் இரண்டாவது தடவையும் தவறிவிட்டேன். 24 வினாக்கள், 45 நிமிடங்கள், 18 சரியாக இருந்தால் போதும் என்பதை அறிந்துதான் போனேன். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பின்னர், அரசு வெளியிட்ட கைந்நூலைத் தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று தரம் வாசித்தேன். விழுமியங்கள் பற்றிய முதல் அத்தியாயமும், இந்த நாடு எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று சொல்லும் இரண்டாம் அத்தியாயமும் சிரமம் தரவில்லை. மூன்றாவதாகிய வரலாற்று அத்தியாயத்தில்தான் எல்லாம் குழம்புகிறது. 1215, 1284, 1314, 1348, 1415, 1485 என்று ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன; புத்தகத்தை மூடியதும் எது போர், எது கொள்ளைநோய் என்பதே மறந்துவிடுகிறது. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரின் பெயர்களை ஒப்புவிப்பேன். ஆனால் அவருக்குப் பின்னர் ஆட்சிக்கு வந்தது மகனா, மகளா என்று கேட்டால் தடுமாறுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் 50 பவுண் கட்டவேண்டியிருக்கிறது. கணவர், புத்தகத்தை விட்டுவிட்டுச் செயலியில் மாதிரி வினாக்களை மட்டும் செய்யச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்கிறார்கள். அவர்கள் பாடசாலையில் படித்து வந்து கேட்கும்போது எனக்கும் ஒரு தெளிவு இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். வரலாற்றை எப்படிப் படித்தால் மனத்தில் நிற்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி எழுதியது:

அக்கா, உங்கள் கணவர் சொல்வதில் பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன். வினாக்கள் நான்கு வகையாக மட்டுமே வருகின்றன: நான்கு விடைகளில் சரியான ஒன்றைத் தெரிவது, நான்கில் சரியான இரண்டைத் தெரிவது, ஒரு கூற்றுச் சரியா பிழையா என்று சொல்வது, இரண்டு கூற்றுகளில் எது சரி என்று சொல்வது. மாதிரி வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை தானாகவே விடைக்குப் போகும். நான் அப்படித்தான் முதல் தடவையிலேயே சித்தியடைந்தேன். நூலை முழுதாக வாசிக்கவில்லை. மீண்டும் எழுத ஏழு நாட்கள் பொறுக்கவேண்டும். பதிவு செய்தபோது கொடுத்த அதே அடையாள ஆவணத்தை எடுத்துப் போக மறக்கவேண்டாம். என் நண்பர் ஒருவர் கடவுச்சீட்டை மாற்றிக் கொண்டுபோய் வாசலிலேயே திரும்பிவிட்டார்.

சனிக்கிழமைத் திண்ணை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களோடு உட்கார்ந்து நானும் படித்து வருகிறேன். நீங்கள் தடுமாறும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் நினைவாற்றல் குறைவு என்று நான் நம்பவில்லை. நம் ஊர் மன்னர்களைப் பற்றிப் படிக்கும்போது, சிறு வயதில் கேட்ட கதைகளும் பார்த்த கோயில்களும் அந்த ஆண்டுகளைத் தாங்கிக்கொள்கின்றன. இந்த நாட்டின் ஆண்டுகளுக்கு நம்மிடம் அப்படி ஒரு கொழுகொம்பு இல்லாததால், அவை தரையில் படர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

நான் நட்டுக்கொடுக்கும் கொழுகொம்பு ஒரே ஒரு கேள்விதான்: ஆள்பவரைக் கட்டுப்படுத்துவது எது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தில் நுழையுங்கள். ஜான் மன்னர் போர்களுக்காகப் பிரபுக்களிடம் பணம் பறித்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாத பிரபுக்கள் 1215-இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் ரன்னிமீட் என்னும் புல்வெளியில் அவரை ஒரு சாசனத்துக்கு முத்திரையிட வைத்தார்கள். மாக்னா கார்ட்டா எனப்படும் அந்தச் சாசனம் ஏழைக் குடியானவருக்காக எழுதப்பட்டதன்று; ஆனாலும் மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், அவர் நினைத்தபடியெல்லாம் வரி வாங்க முடியாது என்ற எண்ணம் அதில்தான் எழுத்தில் ஏறியது.

அங்கிருந்து நானூறு ஆண்டுகளைத் தாண்டி முதலாம் சார்லஸிடம் வாருங்கள். தம் அதிகாரம் இறைவனிடமிருந்து நேராக வந்தது என்று நம்பிய அவர், 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஆண்டார். ஸ்காட்லாந்தின் மீது புதிய வழிபாட்டு நூல் ஒன்றைத் திணிக்கப் போய் அங்கே கலகம் மூண்டது. கலகத்தை அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். வேறு வழியின்றி அதைக் கூட்டிய மன்னர், 1642-இல் தம்மை எதிர்த்த ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்யத் தாமே வீரர்களுடன் மக்களவைக்குள் நுழைந்தார். அவர்கள் முன்கூட்டியே தப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டே உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1649 சனவரியில் மன்னரின் தலை வெட்டப்பட்டது. நாடாளுமன்றப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல்லின் குடியரசு அவர் மறைவுக்குப் பின் நிலைக்கவில்லை. 1660-இல் வெட்டப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பி வந்தார்.

இதில் ஒரு செய்தியை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. நாடாளுமன்றத் தொடக்க நாளில் மன்னர் பிரபுக்கள் அவையில்தான் அமர்கிறார். உறுப்பினர்களை அழைத்துவர அவர் அனுப்பும் பிளாக் ராட் என்னும் அதிகாரியின் முகத்துக்கு நேரே மக்களவையின் கதவு சாத்தப்படுகிறது. அவர் தம் கோலால் மூன்று முறை தட்டிய பிறகே அது திறக்கிறது. தொலைக்காட்சியில் ஒருமுறை அதைப் பார்த்தவர்களுக்கு 1642 மறப்பதேயில்லை. வரலாறு, அரசாங்கம், வழக்கம் என்று கைந்நூல் தனித்தனியாகச் சொல்கிற மூன்றும் அந்த ஒரு கதவில் கூடி நிற்கின்றன.

அடுத்து 1679-இன் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம்: யாரையும் சட்டத்துக்குப் புறம்பாகச் சிறையில் வைத்திருக்க முடியாது. பிறகு 1688-இல் நெதர்லாந்திலிருந்து ஆரஞ்சின் வில்லியம் என்னும் இளவரசர் அழைத்துவரப்பட்டு மன்னராகி, 1689-இன் உரிமைச் சட்டத்தால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி விதிக்கக்கூடாது என்பது உறுதியாயிற்று. 1714-இல் ஜெர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலம் சரளமாக வராததால் அமைச்சர்களை நம்பியே ஆளவேண்டியிருந்தது; அப்படி முன்னுக்கு வந்த ராபர்ட் வால்போல் 1721 முதல் 1742 வரை இருந்த முதல் பிரதமராகக் கருதப்படுகிறார்.

அதிகாரம் நாடாளுமன்றத்திடம் வந்துவிட்டது என்றால், நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று கேள்வி திரும்புகிறது. சாலிஸ்பரிக்கு அருகிலுள்ள ஓல்ட் சாரம் என்னும் மேட்டில் குடியிருப்பவர் எவரும் இல்லாத காலத்திலும் அதற்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். மான்செஸ்டர் போன்று பெருகி வந்த ஆலை நகரங்களுக்குத் தனி உறுப்பினர் இல்லை. 1832-இன் சீர்திருத்தச் சட்டம் அந்த அநியாயத்தைக் குறைத்தது. 1867-இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குக் கிடைத்தது. 1918-இல் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதியோடு கிடைத்தது. 1928-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயது என்று சமமாயிற்று. 1969-இல் 18 ஆயிற்று. இந்த ஐந்து ஆண்டுகளையும் நம் வீட்டுப் பெண்களுக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன்: உங்கள் பாட்டியின் வயதுடைய ஓர் ஆங்கிலப் பெண்ணின் தாய், பெண்களின் வாக்குரிமைக்காக எம்மலின் பாங்கர்ஸ்ட் நடத்திய போராட்டத்தைத் தன் கண்ணால் பார்த்திருப்பார். அவ்வளவு அண்மையில் நடந்தது அது.

இதைப் பிடித்துக்கொண்டால் ஐந்தாம் அத்தியாயம் பாதி முடிந்தது போலத்தான். ஒரே நூலாக எழுதிவைத்த அரசமைப்பு இந்த நாட்டுக்கு ஏன் இல்லை என்ற வினா, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பை ஒரே நூலாகக் கையில் பிடித்துப் பழகிய இந்தியர்களுக்கு வியப்பளிக்கும். இங்கே பழைய ஆட்சிமுறையை நிலையாக அகற்றிப் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை. கிராம்வெல் தொடங்கியதும் 11 ஆண்டுகளில் முடிந்தது. எனவே சாசனங்களும் சட்டங்களும் மரபுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அரசமைப்பாகியிருக்கின்றன.

தம்பி சொன்ன மாதிரி வினாக்களை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவை கடைசிப் பத்து நாட்களுக்கு உரியவை. முதலிலேயே அவற்றில் இறங்கியவர்கள் வினாவின் சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வுக் கூடத்தில் அதே செய்தியை வேறு சொற்களில் கேட்டால் திகைத்துவிடுகிறார்கள். ஒரு நிம்மதியான செய்தியும் உண்டு: யார் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்ற ஆண்டுகளை நினைவில் வைக்கத் தேவையில்லை என்று கைந்நூலே சொல்கிறது. அவற்றைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். பக்கங்களின் பாரம் சட்டென்று குறையும்.

லெஸ்டர் ஆசிரியை எழுதியது:

திண்ணை ஐயா எட்டாம் ஹென்றியின் குடும்பமான டியூடர்களின் காலத்தைத் தாண்டிப் போய்விட்டார். சகோதரி கேட்டது அதைத்தான் என்பதால் நான் அங்கே நிற்கிறேன்.

1485-இன் பாஸ்வர்த் போர் நான் வாழும் லெஸ்டருக்கு அருகே நடந்தது. வெள்ளை ரோஜா யார்க் குடும்பத்துக்கும் சிவப்பு ரோஜா லங்காஸ்டர் குடும்பத்துக்கும் 1455-இல் தொடங்கிய சண்டை அங்கேதான் தீர்ந்தது. அதில் மடிந்த யார்க் குடும்பத்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-இல் எங்கள் நகரின் நடுவே ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. 2015-இல் அவரைப் பேராலயத்தில் அடக்கம் செய்தபோது தெருவோரத்தில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. லங்காஸ்டர் பக்கம் நின்று வென்ற ஹென்றி டியூடர், யார்க் குடும்பத்து எலிசபெத்தை மணந்து இரண்டு ரோஜாக்களையும் ஒன்றாக்கினார். எட்டாம் ஹென்றி அவர்களுடைய மகன்.

ஆறு மனைவியரின் பெயர்களை ஒப்புவிப்பதைவிட, மூவருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அராகனின் கேத்தரினுக்குப் பிறந்தவர் மேரி. ஆன் பொலீனுக்குப் பிறந்தவர் எலிசபெத். ஜேன் சீமோருக்குப் பிறந்தவர் எட்வர்ட். பிறந்த வரிசை இது; ஆண்ட வரிசை வேறு. மகன் என்பதால் எல்லாருக்கும் இளையவரான எட்வர்ட் ஒன்பது வயதில் முதலில் அரியணை ஏறினார். அவர் புராட்டஸ்டன்ட் வழியைக் கடைப்பிடித்தார். 15 வயதில் இறந்தார். பின்னர் வந்த மேரி, தம் தாயைப் போலவே கத்தோலிக்கர். நாட்டைப் பழைய சமயத்துக்குத் திருப்ப முயன்று கடுமையாக நடந்துகொண்டார். மூன்றாவதாக 1558-இல் எலிசபெத் வந்தார். 1588-இல் ஸ்பெயினின் கப்பற்படை தோற்றது அவர் காலத்தில்.

ஓர் ஆண் வாரிசுக்காகப் போப்பாண்டவரோடே உறவை முறித்துக்கொண்டு தனித் திருச்சபையை உண்டாக்கிய தந்தையின் மரபில், நாற்பத்து நான்கு ஆண்டுகள் நிலைத்து ஆண்டவர் அவருடைய மகள். பெண் பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், நன்றாக நிற்கும்.

எலிசபெத்துக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் 1603-இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கு முதலாம் ஜேம்ஸாக வந்தார். 1605 நவம்பர் 5-ஆம் நாள் கை ஃபாக்ஸும் கூட்டாளிகளும் வெடிமருந்து வைத்துக் கொல்ல முயன்றது இவரைத்தான். நம் பிள்ளைகள் பல ஆண்டுகளில் தீபாவளி வெடியையும் அந்த நாளை நினைவுகூரும் பான்ஃபயர் இரவு வெடியையும் ஒரே வாரத்தில் பார்த்து வளர்கிறார்கள். அவர்களுக்கு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போதே நமக்கும் அந்த ஆண்டு பதிந்துவிடும்.

பண்டிகைகளுக்கு நான் செய்தது சமையலறை நாட்காட்டி. மார்ச் 1 வேல்ஸின் புனித டேவிட், மார்ச் 17 வட அயர்லாந்தின் புனித பேட்ரிக், ஏப்ரல் 23 இங்கிலாந்தின் புனித ஜார்ஜ், நவம்பர் 30 ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூ என்று அமாவாசையும் கிருத்திகையும் குறித்த அதே தாளில் எழுதிவைத்தேன். ஏப்ரல் 14-ஆம் நாளுக்குக் கைந்நூலில் சீக்கியரின் வைசாகி என்று இருக்கிறது. நம் வீட்டில் அது சித்திரைப் பிறப்பு, எனவே அதை எழுதவே தேவைப்படவில்லை. தீபாவளிக்கு லெஸ்டர் பெயர்பெற்றது என்பதும் அந்த நூலிலேயே இருக்கிறது.

கிளாஸ்கோ வாசி எழுதியது:

எல்லோரும் இங்கிலாந்தின் வரலாற்றையே பிரித்தானிய வரலாறு என்று எழுதிக்கொண்டு போகிறீர்கள். தேர்வில் பலர் புள்ளி இழப்பதும் இதனால்தான். கிரேட் பிரிட்டன் என்றால் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மட்டும். வட அயர்லாந்தும் சேர்ந்தால்தான் ஐக்கிய இராச்சியம். மான் தீவும் கால்வாய்த் தீவுகளும் முடியரசைச் சார்ந்தவை, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் இல்லை. கொடியைப் பார்த்தாலும் இது விளங்கும்: புனித ஜோர்ஜ், புனித அன்ட்ரூ, புனித பற்றிக் ஆகியோரின் மூன்று சிலுவைகள் அதில் இருக்கின்றன, வேல்ஸின் பறவைநாகம் இல்லை. 1606-இல் முதற்கொடி உருவானபோது வேல்ஸ் ஏற்கெனவே இங்கிலாந்தோடு இணைந்திருந்ததே காரணம்.

1603-இல் மன்னர்தான் ஒருவரானார். பாராளுமன்றங்கள் இரண்டாகவே இருந்தன. 1707-இன் இணைப்புச் சட்டத்துக்குப் பிறகே அவை ஒன்றாயின. அப்போதும் ஸ்கொட்லாந்து தன் சட்டமுறையையும் கல்வியையும் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே குற்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்லும் குடிமக்களான யூரிகள் (ஜூரிகள்) 15 பேராகவும் இங்கிலாந்தில் 12 பேராகவும் இருப்பது இதனால்தான். 1999-இல் எடின்பரோவில் மீண்டும் பாராளுமன்றம் கூடியது. அதற்கான தேர்தலில் 16 வயதிலேயே வாக்களிக்கலாம். என் மகள் எனக்கு முன்னர் வாக்குச்சாவடிக்குள் போனாள்.

தேயிலைச்சாரல் எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்தேன். திண்ணை ஐயா நட்ட கொழுகொம்பு நல்லது. ஆனால் அதில் ஏறாத கொடி ஒன்று உண்டு. ஆள்பவரைக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்விக்கு இந்தத் தீவுக்குள் ஒரு விடை கிடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் இந்த நாடு ஆண்ட மக்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே இடம் இருக்கவில்லை.

அடிமை வணிகம் 1807-இல் தடைசெய்யப்பட்டது, 1833-இல் அடிமைமுறை பேரரசு முழுவதும் ஒழிக்கப்பட்டது என்று கைந்நூல் சொல்கிறது. அதற்காகப் போராடிய வில்பர்ஃபோர்ஸையும் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரையும் மதிக்கிறேன். ஆனால் 20 மில்லியன் பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குத்தான். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை என்பது, விடுதலையைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. விடுதலையானவர்களின் இடத்தில் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இருபது இலட்சம் பேர் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று நூலில் ஓரிரு வரிகள் வருகின்றன. 2020-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாய்வாளர்கள், அடிமைமுறையையும் பேரரசையும் இந்த அத்தியாயம் சொல்லும் விதம் திருத்தப்படவேண்டும் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதியதை நீங்கள் அறிந்திருக்கலாம்.

என் முன்னோர் தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாக இலங்கையின் மலைநாட்டுக்குப் போனவர்கள். முதலில் கோப்பி, 1869-க்குப் பின் இலைநோயால் கோப்பி அழிந்தபோது தேயிலை. 1931-இல் டொனமூர் அரசியல் யாப்பினால் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. இங்கே பெண்கள் சமமாக வாக்குப் பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1947 தேர்தலில் மலைநாட்டு மக்கள் தங்கள் பிரதிநிதிகளாக ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் கிடைத்த 1948-இலேயே, இலங்கையின் புதிய பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது.

வின்ட்ரஷ் கப்பல் டில்பரித் துறையில் வந்து நின்றதும் அதே 1948 ஆம் ஆண்டில்தான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த அந்த மக்களுக்கு அன்று இந்த நாட்டுக்குள் நுழையும் உரிமை இருந்தது; ஆனால் 2018-இல், பிள்ளைப் பருவத்தில் வந்து இங்கேயே மூத்தவர்கள் பலர் பத்திரம் காட்டமுடியாமல் வேலையையும் வீட்டையும் இழந்ததும், சிலர் நாடு கடத்தப்பட்டதும் வெளியே தெரிந்தது. குடியுரிமை என்பது சட்டத்தால் வருவது, சட்டத்தாலேயே போகவும் கூடியது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

சகோதரி, நான் இதை எழுதுவது உங்களைக் குழப்புவதற்காக அன்று. தேர்வில் 1807 என்று கேட்டால் 1807 என்று விடை கொடுங்கள். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

சனிக்கிழமைத் திண்ணை எழுதியது:

தேயிலைச்சாரல் அவர்கள் எழுதியதை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்கிறேன்: ஆள்பவரைக் கட்டுப்படுத்துவது எது, யாருக்காக? இப்படிக் கேட்டால் 1215-இன் சாசனம் பிரபுக்களுக்காக என்பதும், 1832-இன் வாக்குரிமை சொத்துள்ள ஆண்களுக்காக என்பதும், 1833-இன் பணம் உடைமையாளர்களுக்காக என்பதும் ஒரே வரிசையில் வந்துவிடுகின்றன. அடுத்த சனிக்கிழமை எங்கள் மேசையில் இப்படித்தான் தொடங்கப்போகிறேன்.

அவர் உரிமையைப் பற்றிப் பேசியதால் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், சட்டப்படி இங்கே தங்கும் அனுமதியோடு வாழ்ந்தால், பிரிட்டிஷ் குடியுரிமை பெறுவதற்கு முன்பே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும். வாக்குச்சாவடியில் காட்டவேண்டிய அடையாளத்துக்கு அந்த நாடுகளின் பாஸ்போர்ட்டும் செல்லும். 650 தொகுதிகளில் எதில் வாழ்கிறீர்களோ அதன் உறுப்பினரிடம் உங்கள் குறையைக் கொண்டுபோகவும் உரிமை உண்டு. சமூக வாழ்வில் பங்கேற்பது என்று முதல் அத்தியாயம் எழுதிவைத்திருப்பதை, விண்ணப்பப் படிவத்துக்காகக் காத்திராமல் இன்றே தொடங்கலாம்.

வெம்பிளி வாசகி எழுதியது:

திண்ணை ஐயா, நான் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஏழு ஆண்டுகளாக இங்கே வாழ்கிறேன். எனக்கு வாக்கு இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். இதை வாசித்த இரவே என் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். வேலையிடத்தில் நான்கு பேருக்குச் சொன்னேன், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் சொன்னபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பிறப்பு இறப்பு ஆண்டுகளை அடித்துவிட்டேன். பிளாக் ராட்டின் முன்னால் கதவு சாத்தப்படும் காணொளியைப் பிள்ளைகளோடு மூன்று தரம் பார்த்தேன்.

வெம்பிளி வாசகி எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பின்னர் மீண்டும் எழுதுகிறேன். இன்று காலை சித்தியடைந்துவிட்டேன். எட்வர்டும் மேரியும் வந்தார்கள். யூரிகள் எத்தனை பேர் என்றும் ஒரு வினா வந்தது, கிளாஸ்கோ அண்ணாவுக்கு நன்றி. ஈஸ்ட்ஹாம் தம்பி, கடைசிப் பத்து நாட்கள் உங்கள் வழியைத்தான் பின்பற்றினேன்.

நிரந்தர வதிவிட அனுமதிக்காக எழுதிய தேர்வைக் குடியுரிமைக்கு மீண்டும் எழுதவேண்டுமா? கடைசியில் நடக்கும் விழாவில் என்ன செய்வார்கள்? சத்தியம் செய்யவேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து சற்றுப் பயமாக இருக்கிறது.

லெஸ்டர் ஆசிரியை எழுதியது:

வாழ்த்துகள், சகோதரி. மீண்டும் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை தேறினால் இரண்டுக்கும் போதும். தேர்ச்சி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்குப் பயப்படத் தேவையில்லை. 2004 முதல் இப்படி உள்ளூராட்சி மன்றங்களில் நடத்துகிறார்கள். மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்பதை இறைவன் பெயரால் சத்தியமாகவும் சொல்லலாம், இறைவன் பெயர் இல்லாத உறுதிமொழியாகவும் சொல்லலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பிறகு நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், அதன் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்ற வாக்குறுதியை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். நாட்டுப்பண் ஒலிக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள். அழைப்பு வந்த மூன்று மாதத்துக்குள் போய்விடுங்கள். என்னைப் போல இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, எனவே பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும். அந்த நாள் எனக்கு எளிதாக இல்லை. இலங்கையர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

தேயிலைச்சாரல் எழுதியது:

என் வாழ்த்துகளும், சகோதரி. விழாவைப் பற்றிக் கேட்டதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாயார் 1946-இல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் நாடற்றவரானவர். 65 வயதைத் தாண்டியிருந்ததால் அவருக்குத் தேர்வும் இல்லை, ஆங்கிலச் சான்றும் தேவைப்படவில்லை. ஆனால் விழாவில் சொல்லவேண்டிய சொற்களை நான் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரம் தினமும் காலையில் பூசைக்குப் பிறகு அதை உரக்க வாசித்துப் பழகினார். இறைவன் பெயரால் சொல்வதையே தெரிந்தெடுத்தார்.

மண்டபத்தை விட்டுப் போகுமுன் சான்றிதழில் பெயரும் பிறந்த இடமும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள். நீங்களும் கட்டாயம் பாருங்கள். அம்மாவின் முறை வந்தபோது அவர் சான்றிதழை என்னிடம் தரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து வாசித்தார். பின்னர் பிறந்த இடத்தையும் அதே போல வாசித்தார். மேசையில் இருந்த பெண்மணி சரிதானா என்று கேட்டதற்கு, தலையசைத்துவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.